டோக்கன் கையில் இருக்கு, நெல் எங்கே இருக்கு?

நான் வங்கியில் சேர்ந்த காலத்தில் பணம் எடுக்க வருபவருக்குப் பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்போம். கேஷியர் எண்ணைக் கூப்பிட்டதும் அதைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிப் போவார்கள். உள்ளே கேஷியரிடம் பணம் இருந்தது. அதனால்தான் அந்தப் பித்தளைக்கு மதிப்பு.

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்துக்கு ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். "ஐயா, உங்க நெல்லு, நிலம் எல்லாத்தையும் டோக்கனா மாத்திடலாம். உலகத்துல யார் வேணும்னாலும் வாங்குவாங்க, தரகரே கிடையாது" என்றார். அறுவடை முடித்து, வீட்டில் நெல்லும் தலையில் கடனுமாக இருப்பவர்கள் எங்களில் பலர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க பேங்க்ல இருந்தவரு, சொல்லுங்க சார்." படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்தது இதுதான்.

டோக்கன் என்பது என்ன?

பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. ஒரே கணக்கு பல கணினிகளில் எழுதப்பட்டிருக்கும்; தனி ஒருவர் சத்தமில்லாமல் திருத்த முடியாது. தானியம், வீடு, தங்கம் போன்ற நிஜப் பொருளின் மீதான உரிமையைப் பங்கு பிரித்து அதில் பதிந்தால், ஒவ்வொரு பங்கும் ஒரு டோக்கன்.

அர்ஜென்டினா விவசாயிகள் செய்தது

அர்ஜென்டினாவில் விலைவாசி 2023இல் மட்டும் 200 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அங்குள்ள விவசாயி சோயாவை விற்றுப் பெசோவாக வைத்திருந்தால் பணம் கரைந்துவிடும். அதனால் நீளமான பிளாஸ்டிக் பைகளில் வயலோரமே தானியத்தைச் சேமித்து, செலவு வரும்போது விற்பது அங்கே பழக்கம். இந்தப் பழக்கத்தின் மேல்தான் 'அக்ரோடோக்கன்' என்ற நிறுவனம் வந்தது. கிடங்கில் ஒப்படைத்துச் சரிபார்க்கப்பட்ட ஒரு டன் தானியத்துக்கு ஒரு டோக்கன். சோயா, மக்காச்சோளம், கோதுமை மூன்றுக்கும் உண்டு. 2022இல் சான்டாண்டர் வங்கியின் அர்ஜென்டினா பிரிவு இந்த டோக்கன்களை ஈடாக வைத்துக் கடன் தரத் தொடங்கியது. தேவை உண்மையானது, வழியும் புத்திசாலித்தனமானது. அதை மறுக்கவில்லை.

பேரேடு கிடங்குக்குள் எட்டிப் பார்க்காது

1963இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு எண்ணெய் வியாபாரி, தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி மேலாக மட்டும் சோயா எண்ணெய் விட்டு வைத்தார். எண்ணெய் மிதக்கும் அல்லவா? சோதனைக்கு வந்தவர்கள் எண்ணெய் என்றே எழுதினார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணை நிறுவனம் கிடங்கு ரசீது கொடுத்தது. ரசீதை நம்பி வங்கிகள் கடன் கொடுத்தன. நஷ்டம் 15 கோடி டாலருக்கு மேல். ரசீதில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை, தொட்டியில்தான் எண்ணெய் இல்லை. நானும் அடமானக் கிடங்கில் மூட்டை எண்ணியவன். முன்வரிசையில் நெல், பின்வரிசையில் உமி அடுக்கியிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொய்யைப் பிளாக்செயினில் எழுதினால், அழிக்க முடியாத பொய்யாக அது இருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இருப்பது

தானியத்துக்கு இப்படி ஒரு சீட்டு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 2007ஆம் ஆண்டு கிடங்குச் சட்டத்தின்படி, கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கில் தானியத்தை வைத்தால் மாற்றத்தக்க ரசீது தருவார்கள். 2017 முதல் அது மின்னணு ரசீது. அதை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். சரக்கு குறைந்தால் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டம் இருக்கிறது. இதைக்கூட நம்மில் பலர் பயன்படுத்தியதில்லை.

நிலம் வேறு கதை. நம் நாட்டில் நிலத்தின் விற்பனை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால்தான் செல்லும். டோக்கன் கைமாறினால் நிலம் மாறாது. அதனால் இப்படிப்பட்ட திட்டங்களில் சொத்தை முதலில் ஒரு கம்பெனி பெயரில் எழுதி, கம்பெனியின் பங்கைத்தான் டோக்கனாக விற்பார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வீடுகளை இப்படி விற்ற நிறுவனத்தின் மேல், 400க்கும் மேற்பட்ட வீடுகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று 2025இல் நகர நிர்வாகமே வழக்குப் போட்டது. பங்குதாரர் உலகம் முழுக்க இருந்தால், ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுவது யார்?

இயற்கை விவசாயிக்கு இன்னொரு சிக்கல்

ஒரு டன் இன்னொரு டன்னுக்குச் சமம் என்பதுதான் தானிய டோக்கனின் அடிப்படை. நம் பிழைப்போ அது சமமில்லை என்பதில் இருக்கிறது! என் மாப்பிள்ளைச் சம்பா பொது நெல்லோடு கலந்தால் அன்றோடு அதன் விலை போச்சு. பொதுக் கிடங்குகளில் பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பதும் வழக்கம். மூன்று வருஷம் பாடுபட்டு வாங்கிய சான்று மூன்று நாளில் வீணாகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது? யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள்?
2. டோக்கனைக் கொடுத்தால் என் நெல்லே திரும்பக் கிடைக்குமா, பணம் மட்டும்தானா?
3. நஷ்டம் வந்தால் எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது?
4. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. மெய்நிகர் டிஜிட்டல் சொத்தின் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீதம். இந்த டோக்கன் எந்தக் கணக்கில் வரும்?
5. நிலத்தில் எந்தப் பத்திரத்திலாவது கையெழுத்துப் போட வேண்டுமா? ஆம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்தையும் அந்தத் தம்பியிடம் கேட்டோம். நல்ல பிள்ளை, மழுப்பவில்லை. "முதல் கேள்விக்கே இன்னும் பதில் இல்லைங்க ஐயா" என்றார். "அப்ப கிடங்கைக் கட்டிட்டு வா தம்பி, பேசுவோம்" என்று டீ கொடுத்து அனுப்பினோம்.

அன்றைக்கே குழுவில் ஒரு முடிவும் எடுத்தோம். உறுப்பினர் ஒருவரின் காலி வீட்டில், நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு, ரகம் வாரியாக மூட்டை அடுக்குகிறோம். இருப்பு நோட்டில் ஒவ்வொரு வாரமும் இருவர் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறோம். எண்ணியவரின் மூட்டை அவர் எண்ணும் அடுக்கில் இருக்கக் கூடாது என்பது மட்டும் என் வங்கிப் புத்தி சொன்ன விதி.