சமையலறைத் தராசும் சாப்பாட்டுக் கோப்பையும்



எம்மவர் வீடுகளில் அரிசியை அளந்து உலையில் போடுவோம்; சோற்றை அளந்து பரிமாற மாட்டோம். அப்படிச் செய்தால் கஞ்சத்தனம் என்று பெயர் வரும். சென்ற வருடம் நான் ஒரு மின்தராசு வாங்கி வந்து என் சோற்றை நிறுத்தபோது, "சங்கக்கடையிலை அரிசி நிறுக்கிற மாதிரிப் பெத்த பிள்ளைக்கு நிறுத்துப் போடுறதோ?" என்று அம்மா மிகவும் மனம் வருந்தினார்.

காரணம் இருந்தது. என் இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி அளவு 46 என்று வந்திருந்தது. 42 முதல் 47 வரை சலரோகத்தின் வாசல். 48 என்றால் சலரோகம். அப்பா இந்த வியாதியால் ஒரு காலை இழந்தவர். 1988 இல் மேற்கு லண்டன் சவுத்தோலில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, தெற்காசியருக்குச் சலரோகம் வரும் வீதம் ஐரோப்பியரைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று காட்டியது. அதில் பங்குபற்றிய தெற்காசியர் பெரும்பாலும் பஞ்சாபியர்தான். அதற்காக யாழ்ப்பாணத்தாருக்கு விலக்கு உண்டென்று நினைக்க இடமில்லை.

"நான் அப்பிடி ஒண்டும் கனக்கச் சாப்பிடுறேல்லையே" என்றுதான் நானும் வைத்தியரிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை, கணக்குத் தெரியாமல் சொன்னேன். 1992 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்ற சிலரின் உணவைச் சோதித்தார்கள். உண்மையில் உண்டதில் ஏறக்குறைய பாதியை அவர்கள் எழுதாமல் விட்டிருந்தார்கள். பேரேட்டில் பாதிச் செலவு பதியப்படாத கம்பனி என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் என் கோப்பையில் இருந்த சோறு 410 கிராம். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். அரிசிப் பையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 355 கலோரி என்று இருக்கும். அது பச்சையாக நிறுத்த அரிசிக்கு. வெந்தபின் தண்ணீரை உறிஞ்சி நிறை இரண்டரை, மூன்று மடங்காகிவிடும். ஆகவே 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரிதான். என் 410 கிராம் சோறு 530 கலோரி. பச்சைக் கணக்கைச் சோற்றுக்குப் போட்டால் பயந்து சாப்பாட்டையே விட்டுவிடுவீர்கள். சோற்றுக் கணக்கை அரிசிக்குப் போட்டால் எடை ஏறும். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அரிசியையே நிறுக்கிறேன், ஒரு நேரத்துக்கு 70 கிராம்.

கறிக்கு வெற்றுச் சட்டியின் நிறையைக் குறித்து வையுங்கள். எங்கள் சட்டி 900 கிராம். கறியோடு 2,300 என்றால் தேறிய நிறை 1,400. என் பங்கு 140 கிராம் என்றால், அதில் ஊற்றிய தேங்காய்ப்பாலில் பத்தில் ஒன்று என் கணக்கில். சிறு பாத்திரமானால் தராசின் பூச்சியப் பட்டனை அமத்தினால் போதும். தராசு சரியோ என்று பார்க்க, பத்து ஒரு பவுண் நாணயங்களை வையுங்கள். இப்போதைய நாணயம் 8.75 கிராம், ஆகவே 87 அல்லது 88 காட்டவேண்டும்.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பது வீண்வேலை; கரண்டி எப்போதும் வழியும். ஆரம்ப இருப்பிலிருந்து இறுதி இருப்பைக் கழியுங்கள். திங்கள் காலை எங்கள் போத்தல் 880 கிராம், ஞாயிறு இரவு 320. வெறும் போத்தலின் நிறை இரண்டிலும் இருப்பதால் தானே கழிந்துபோகும். செலவு 560 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 5,040. நான்கு பேர், ஏழு நாள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 180 கலோரி, யாருடைய கண்ணிலும் படாமல். மனைவி இதைப் பார்த்தபின்தான் என் பக்கம் வந்தார். கறிவேப்பிலையையும் உள்ளியையும் நிறுக்காதீர்கள். அது சில்லறைக் காசேட்டில்கூட ஏறாத தொகை. ஆனால் தொலைக்காட்சிக்கு முன் ஒரு பிடி கச்சான், இரண்டு துண்டு முறுக்கு ஆகியவை கட்டாயம் ஏறவேண்டும். என் கைப்பிடிக் கச்சான் 40 கிராம், 230 கலோரி. கிட்டத்தட்ட ஒரு நேரச் சோறு!

இன்சுலினோ சலரோக மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. சீனி திடீரென இறங்கிவிடும். வளரும் பிள்ளைகளின் கோப்பையைத் தராசில் வைக்காதீர்கள். கோயில் அன்னதானத்துக்கும் தராசோடு வரவேண்டாம். அன்றைய கணக்கை நான் எழுதுவதில்லை.

ஆறு மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது, எச்பிஏ1சி 41. தராசை இப்போது மேசைக்குக் கொண்டுவருவதில்லை, வேலை சமையலறையிலேயே முடிந்துவிடுகிறது. அரிசி அளக்கும் பழைய ரின்பால் பேணியில் என் பங்குக்கு அம்மா சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். அதற்குமேல் ஒரு மணி அரிசியும் போட விடுகிறாரில்லை.