அன்னதர்மமும் அரசு தர்மமும்

அய்யா துணை



நம் தாங்கல்களில் உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் நடக்கும்போது, பந்தியில் வந்து அமர்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பலர் பக்தியால் வருகிறார்கள். சிலர் பசியாலும் வருகிறார்கள். கணவனை இழந்த தாய் ஒருத்தி, பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பெரியவர் ஒருவர், பிள்ளைகள் கைவிட்ட கிழவி ஒருத்தி. இவர்களுக்கு அன்று ஒரு வேளை உணவு கிடைத்துவிடுகிறது. மறுநாள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியை அய்யாவின் வழியில் நின்று சிந்திப்பதே இப்பாடம்.

அய்யா கண்ட அரசு

அய்யா வைகுண்டர் காலத்துத் திருவிதாங்கூரில் ஏழைக்குத் தலை இருந்தால் அதற்குத் தலைவரி. பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். இவை போதாதென்று கூலியில்லாத ஊழியம் வேறு. பெண்கள் மேலாடை அணியவும் தடை. இப்படி ஏழையிடமிருந்து அரசு எடுத்ததெல்லாம் அவன் குடிசைக்குத் திரும்பி வரவில்லை. 1817-ல் ராணி கவுரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்புதான். ஆனால் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் வாசல் அதன் பிறகும் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அறிவிப்பு வேறு, அது கடைசிக் குடிசைக்குப் போய்ச் சேருவது வேறு என்பதை இதிலிருந்து அறிய வேண்டும்.

சான்றோரைக் கொடுமை செய்யாதே என்று புத்தி சொல்லியும் அரசன் கேளாததால், திருமால் அனந்தபுரத்தை விட்டுத் திருச்செந்தூருக்குப் போனார் என்று அகிலத்திரட்டு உரைக்கிறது. எளியவனை வதைக்கும் அரசின் தலைநகரில் இறைவன் தங்குவதில்லை. இதைவிடப் பெரிய அரசியல் பாடம் வேறென்ன வேண்டும்?

அய்யா செய்த இரண்டு காரியங்கள்

1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசியில் வெளிப்பட்ட அய்யா, இரண்டு காரியங்களையும் ஒருசேரச் செய்தார். முதலாவது, மக்கள் தங்களுக்குள்ளேயே தர்மத்தை நடத்தச் செய்தார். எல்லாச் சாதியாரும் ஒரே நீரை எடுக்க முத்திரிக்கிணறு, ஒன்றாகத் துவைத்து உண்டு வாழத் துவையல் பந்தி, ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் எழுந்தன. இரண்டாவது, அநீதி செய்த அரசைக் கலிநீசன் என்று பெயர் சொல்லிக் கண்டித்தார். அதற்காகச் சிங்காரத்தோப்பில் சிறையும் இருந்தார். அன்னமிடுவது மட்டும் போதும் என்று அய்யா எண்ணியிருந்தால் அந்தச் சிறைவாசம் நேர்ந்தே இருக்காது.

எழும் ஐயங்கள்

"அரசை எதிர்த்த அய்யாவின் பிள்ளைகள் அரசிடம் போய்க் கேட்கலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. அய்யா எதிர்த்தது நீசத்தை. நீதமான ஆட்சியை அவர் எதிர்க்கவில்லை. தெய்வ நீதம், மனு நீதம் என்பவற்றோடு அரச நீதத்தையும் அகிலம் பேசுகிறது. நாம் காத்திருக்கும் தர்ம யுகமும் வைகுண்டர் ஒரு குடைக்கீழ் ஆளும் ஆட்சிதான்.

"தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னவர் அய்யா. அரசு உதவி வாங்குவது பிச்சையல்லவா?" என்பது அடுத்த ஐயம். ஏழை கடையில் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. அவன் கொடுத்த காசு பள்ளியாக, மருந்தாக, ஓய்வூதியமாகத் திரும்பி வருவது எப்படிப் பிச்சையாகும்? அது உரிமை. தலைப்பாகையோடு கேட்க வேண்டிய உரிமை.

"நம் அன்னதர்மம் போதாதா?" போதாது, மக்களே. தாங்கலில் நாம் இடும் சோறு அன்றையப் பசியைத் தீர்க்கும். ஆண்டு முழுதும் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைக்குச் சோறிட அரசால்தான் முடியும். 1956-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளையின் பெயரால் செலவிடப்பட்ட பணம் வீண்போகவில்லை என்பதற்கு, அந்தச் சோற்றை உண்டு படித்து நம் குடும்பங்களிலேயே ஆளானவர்கள் சாட்சி.

இன்னும் கேட்க வேண்டியது உண்டு. 80 வயதுக்கு உட்பட்ட ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு 2007-ல் மாதம் 200 ரூபாய். அரிசி விலையும் மருந்து விலையும் பன்மடங்கு ஏறிய பின்னும் அந்தப் பங்கு பல ஆண்டுகள் அதே 200 ரூபாயாகவே நின்றது. மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்துத்தான் ஓரளவு தாங்கியது. இதைக் கேட்க அந்தக் கிழவிக்குத் தெம்பில்லை. அவளுக்காகக் கேட்பது யார் கடமை?

நாம் செய்யக்கூடியவை

தாங்கலில் படித்த பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விதவைத் தாய்மாருக்கும் முதியோருக்கும் மனு எழுதிக் கொடுக்கலாம். அதுவும் பணிவிடையே.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்குப் போய், ஊருக்கு வந்த பணம் எங்கே போனது என்று பணிவோடும் பயமின்றியும் கேட்கலாம். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம்.

பதியில் காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்றவர் அய்யா. தெய்வமே ஏழையிடம் காசு கேட்காதபோது, ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்திட எவரும் காசு கேட்கலாகாது. கொடுக்கவும் கூடாது.

கேட்கும்போது நம் சாதிக்கென்று மட்டும் கேட்கக் கூடாது. கடற்கரைக் குடும்பங்களுக்கும், மலையில் வாழும் காணி மக்களுக்கும், சேரியில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். முத்திரிக்கிணற்று நீருக்குச் சாதி கிடையாது. எந்தக் கட்சிக் கொடியின் கீழும் நின்று கேட்க வேண்டியதில்லை. நமக்கு அன்புக்கொடி போதும்.

சிந்திக்க

நம் தாங்கலைச் சுற்றி, கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காத வீடுகள் எத்தனை? அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? அடுத்த கிராம சபைக்கு நம்மில் எத்தனை பேர் போவோம்?

தாழ்ந்து கிடப்பவருக்குக் கை கொடுப்பதே தர்மம் என்று அய்யா நமக்குக் கற்பித்தார். ஒரு கையால் அன்னம் இடுவோம். மறு கையால் மனு எழுதுவோம்.

அய்யா உண்டு.