பிற்செலவுக் கோடு சொல்வதும் சொல்லாததும்

மாணவர்களே, நேர்கோட்டு வரைபின் படித்திறன், வெட்டுத்துண்டு ஆகியவற்றை நீங்கள் கற்றுள்ளீர்கள். புள்ளிவிபரவியலில் பிற்செலவு எனப்படுவது அதன் தொடர்ச்சியே. ஒரு கணியத்தின் பெறுமானம் தெரிந்தால், அதனோடு தொடர்புடைய மற்றைய கணியம் சராசரியாக எவ்வளவு இருக்கும் என மதிப்பிடும் முறை இது. தெரிந்தது சாரா மாறி. மதிப்பிடப்படுவது சார் மாறி.

பெயர் வந்த கதையை அறிந்தால் பொருளும் விளங்கும். 1886 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கோல்ற்றன், 205 சோடிப் பெற்றோரினதும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரினதும் உயரங்களை ஆராய்ந்து வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08 ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்தோடு ஒப்பிடத்தக்கதாக்கிய பின், தாய் தந்தை இருவரதும் சராசரியை எடுத்தார். அதனைப் பெற்றோர் உயரம் என்போம். பொதுச் சராசரி ஏறத்தாழ 68.25 அங்குலம். பெற்றோர் உயரம் இதைவிட 3 அங்குலம் கூடியிருந்தால், பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலமே கூடியிருந்தனர். குறைந்த பக்கத்திலும் அவ்வாறே. சராசரியை நோக்கிப் பின்செல்வதால் பிற்செலவு என்ற பெயர் வந்தது.

இதனைச் சமன்பாடாக எழுதினால்,

பிள்ளை உயரம் = 2/3 × பெற்றோர் உயரம் + 22.75

பெற்றோர் உயரம் 71.25 எனின், 47.5 + 22.75 = 70.25 அங்குலம். உண்மையில் ஒரு பிள்ளை 72 அங்குலமாக இருந்தால் +1.75 என்பது மீதி. உண்மைப் பெறுமானத்திலிருந்தே மதிப்பீட்டைக் கழிக்க வேண்டும். மாற்றிக் கழித்தால் குறி பிழைக்கும். எல்லா மீதிகளினதும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருமாறு கோட்டைத் தெரிவதே இழிவு வர்க்க முறை. இதனைப் பிரான்சியக் கணிதவியலாளர் லெஜாண்டர் 1805 இல் வெளியிட்டார்.

வெட்டுத்துண்டு 22.75 இன் கருத்து என்ன? பெற்றோர் உயரம் பூச்சியமானால் பிள்ளை 22.75 அங்குலம் என்பதா? அப்படி ஒரு பெற்றோர் உலகில் இல்லை! தரவுகள் இருந்த வீச்சுக்கு வெளியே கோட்டை நீட்டி விடை எழுதக்கூடாது.

இனி, பலர் தடுமாறும் இடம். கோல்ற்றன் மறுபக்கமாகவும் பார்த்தார். சராசரியைவிட 3 அங்குலம் உயர்ந்த பிள்ளைகளை எடுத்தால், அவர்களின் பெற்றோர் உயரம் சராசரியாக 1 அங்குலமே கூடியிருந்தது. அதாவது படித்திறன் 1/3. முதற் சமன்பாட்டில் எழுவாயை மாற்றினால் 3/2 வரும், அது பிழை. சாரா மாறி எது என்பது மாறினால் கோடும் மாறும். இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையின் உயரம் பெற்றோரின் உயரத்துக்குக் காரணமாக முடியாது. ஆயினும் கோடு வரைய முடிகிறது. ஆகவே கோடு காட்டுவது தொடர்பை மாத்திரமே. காரணத்தை வேறு வழியில்தான் நிறுவ வேண்டும்.

பின்செல்கிறார்கள் எனில் சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே உயரமாகி விடுவார்களா? இல்லை. சராசரிதான் பின்செல்கிறது. மீதிகள் கோட்டின் இருபுறமும் பரந்திருப்பதால் நடுத்தரப் பெற்றோருக்கும் நெடிய பிள்ளைகள் பிறப்பர்.

சோதனைப் புள்ளிகளிலும் இதே நிலைதான். ஒரு சோதனையின் புள்ளியில் திறமையும் உண்டு, அன்றைய வாய்ப்பும் உண்டு. படித்த பகுதியே வினாவாக வந்திருக்கலாம், காய்ச்சலோடு எழுதியிருக்கலாம். மிக உயர்ந்த புள்ளி பெற்றோரில் பலருக்கு அன்று வாய்ப்பும் கைகொடுத்திருக்கும். அது அடுத்த முறையும் அப்படியே அமையாததால், அக்குழுவின் சராசரி சற்று இறங்கும். வீட்டில் நாவூறு பட்டுவிட்டது என்பார்கள். மிகக் குறைந்த புள்ளி பெற்றோரை ஆசிரியர் ஏசுகிறார். அடுத்த சோதனையில் அவர்களின் சராசரி ஏறுகிறது. ஏச்சுத்தான் பலித்தது என்று எண்ணுகிறார். ஏசாமல் விட்டிருந்தாலும் ஓரளவு ஏறியிருக்கும். ஏச்சுக்குப் பலன் உண்டா என அறிய, அதேபோலக் குறைந்த புள்ளி பெற்று ஏச்சு வாங்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட வேண்டும்.

பயிற்சி: பெற்றோர் உயரம் 66.75 அங்குலம். பிள்ளையின் உயரத்தை மதிப்பிடுக. உண்மை உயரம் 66 அங்குலம் எனின் மீதி யாது?
விடை: 67.25 அங்குலம், −1.25 அங்குலம்.