நெறியும் கணுவும்: இரைப்பைசூழ் நிணநீர்க் கணுக்களின் பெயரீடு

திறவுச்சொற்கள்: நெறி கட்டுதல், நிணநீர்க் கணு, இரைப்பை, வட்டார வழக்கு, கலைச்சொல்லாக்கம்

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் தோன்றும் வீக்கத்தைப் பிற பகுதிகளைப் போலவே கல்லிடைக்குறிச்சி வட்டாரத்திலும் ‘நெறி கட்டுதல்’ என்பர். தென்னையில் தேள் கொட்டப் பனையில் நெறி கட்டியது என்னும் பழமொழி இவ்வழக்கையொட்டிய கேலியாகும். புண் ஓரிடத்தும் வீக்கம் வேறிடத்தும் அமையும் என்னும் அறிவு இவ்வழக்கினுள் அடங்கியுள்ளது. நிணநீர் மண்டலத்தின் அடிப்படையும் அதுவே. (‘நெறி’ என்பதற்கு வழி என்னும் பொருளும் உண்டெனினும், ஒலியொற்றுமை மட்டும் கொண்டு இரண்டையும் இணைத்தல் முறையன்று.)

இவ்வழக்குக்கு ஓர் எல்லை உண்டு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எனக் கைக்குத் தட்டுப்படும் இடங்களுக்கே அது பொருந்தும். ஆழத்தில் அமைந்த இரைப்பைக் கணுக்களுக்கு மக்கள் வழக்கில் பெயரில்லை. அவற்றுக்குப் பெயரிடுதல் நூலாசிரியர் பணியாயிற்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இல் தமிழில் தந்தது இப்பணியின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. இன்று சுரப்பி, முடிச்சு, கணு என மூன்று சொற்கள் வழங்குகின்றன. சுரந்து வெளியிடும் தொழிலற்ற உறுப்பைச் சுரப்பி என்றல் பிழை. முடிச்சு அடைப்பை நினைவூட்டும். நிணநீரோ வடிகட்டப்பட்டு அப்பால் செல்கிறது. கரும்பின் கணுவூடே சாறு செல்வதை எண்ணின் கணு என்பதே ஏற்புடையது.

இரைப்பைக் கணுக்கள் தமனிகளை ஒட்டியே அமைந்துள்ளன. சிறு வளைவு, பெரு வளைவு, மண்ணீரல் வாயில் ஆகியவற்றை ஒட்டிய கணுக்களின் நிணநீர், இறுதியில் பெருந்தமனியினின்று கிளைக்கும் வயிற்றறைத் தமனியைச் சூழ்ந்த கணுக்களை அடைகிறது. கன்னடியன் கால்வாய் நீர் குளந்தோறும் தங்கிச் செல்வதைக் கண்ட இவ்வூர் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஜப்பானிய அறுவை மருத்துவர் இக்கணுக்களுக்கு எண்ணிட்டனர்; இரைப்பையின் விளிம்பை ஒட்டியவை 1 முதல் 6 வரை. புற்றின் பரவலை மதிப்பிடக் குறைந்தது 16 கணுக்களையேனும் ஆராய்தல் வேண்டும் என்பர்.

வயிற்றறையின் நிணநீர் மார்பு நாளம் வழியே ஏறி இடக்கழுத்தின் அடியில் சிரையில் கலக்கிறது. ஆதலால் இரைப்பைப் புற்று சில வேளைகளில் இடக் காறை எலும்பின் மேற்பள்ளத்தில் வலியற்ற கெட்டி வீக்கமாகத் தோன்றும். 1848இல் இதனைக் குறித்த ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோவின் பெயராலேயே அக்கணு அழைக்கப்படுகிறது. மக்கள் வழக்கு இடர் தருவது இங்கேதான். கழுத்தில் நெறி கட்டினால் பல்லிலும் தொண்டையிலும் புண் தேடுவர், வயிற்றை எண்ணார். வலியின்மையால் காலமும் கடத்துவர். நோயாளிக்கான தமிழ்க் குறிப்பில் ‘நிணநீர்க் கணு’ என்பதோடு நில்லாது, ‘வயிற்று நோயாலும் இடக்கழுத்தடியில் நெறி கட்டும்’ என்றும் எழுதுதல் வேண்டும்.