மவுஸ் வந்தால் டச்பேட் விலகுமா?

லேப்டாப்பில் மும்முரமாக டைப் அடிக்கிறீர்கள். திடீரென்று கர்சர் தாவுகிறது. மூன்றாவது பத்தியில் விழ வேண்டிய வார்த்தை முதல் பத்தியின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. சில நேரம் அரைப் பக்கம் தானாக செலக்ட் ஆகி, அடுத்த எழுத்தை அழுத்தியதும் மொத்தமும் காணாமல் போகிறது. புலம்பினால் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார்: “ஒரு மவுஸ் வாங்கி மாட்டுங்க. மவுஸ் மாட்டினா டச்பேட் ஆஃப் ஆயிடும்.” பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பலரும் சர்வீஸ் கடைக்குப் போய் வீண் செலவு செய்கிறார்கள்.

“மவுஸ் மாட்டினாலே டச்பேட் தானாக அணைந்துவிடும்”

அணையாது. விண்டோஸில் இயல்பாக இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். அணைய வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அதில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதில் ‘டச்பேட்’. மேலே உள்ள ஆன்-ஆஃப் சுவிட்சின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் கட்டம் தெரியும். ‘லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்’ என்று எழுதியிருக்கும். மவுஸ் இருக்கும்போதும் டச்பேடை விட்டுவை என்பதுதான் அதன் பொருள். ஆகவே டிக்கை எடுக்க வேண்டும். டிக் போட்டால் அணையும் என்று நினைத்து, ஏற்கெனவே இருக்கும் டிக்கைப் பார்த்துத் திருப்தியோடு மூடிவிட்டு, “வேலை செய்யவில்லையே” என்பவர்கள் ஏராளம். தப்பு அவர்கள் மேல் இல்லை, வாசகம் அப்படி.

விண்டோஸ் 10-லும் இதே கட்டம்தான், ‘டிவைசஸ்’ பகுதிக்குள் இருக்கும். சில பழைய லேப்டாப்களில் கட்டமே இருக்காது. விண்டோஸ் 8.1 காலத்தில், 2013-ல், மைக்ரோசாஃப்ட் ‘பிரிசிஷன் டச்பேட்’ என்றொரு பொது வரையறை கொண்டுவந்தது. அதன்படி செய்யப்படாத டச்பேடுகளை சினாப்டிக்ஸ், எலான் போன்ற நிறுவனங்களின் சொந்த டிரைவர்தான் ஆளும். கன்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதியைத் திறந்தால் கடைசி டேபில் அந்தப் பெயர் நிற்கும்; வெளி மவுஸ் செருகினால் உள்ளிருப்பதை அணைக்கும் கட்டம் அங்கே கிடைக்கும். இங்கே டிக் போட்டால்தான் அணையும். விண்டோஸுக்கு நேர் எதிர்!

மேக் வைத்திருப்பவர்கள் டிராக்பேட் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. ஆப்பிள் அதை ‘ஆக்சசிபிலிட்டி’க்குள் ‘பாயின்டர் கன்ட்ரோல்’ என்ற இடத்தில் வைத்திருக்கிறது. லினக்ஸில் லிப்இன்புட் என்ற அடிப்படை மென்பொருளுக்கே இந்த வித்தை தெரியும்.

“மவுஸைத் தொடாதபோது டச்பேட் திரும்ப உயிர் பெறும்”

இதுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கும் நம்பிக்கை. நீங்கள் மவுஸைப் பயன்படுத்துகிறீர்களா என்று கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. மவுஸ் என்று சொல்லிக்கொள்ளும் ஏதாவது ஒன்று இணைந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

யூஎஸ்பி துளையில் எதைச் செருகினாலும் அது முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்: நான் கீபோர்டு, நான் மவுஸ், நான் பென்டிரைவ் என்று. வயர்லெஸ் மவுஸ் விஷயத்தில் இந்த அறிமுகத்தைச் செய்வது மவுஸ் அல்ல. லேப்டாப்பில் செருகியிருக்கும் நகக்கண் அளவு ரிசீவர். மவுஸ் வீட்டு மேசையில் கிடக்கலாம், அதன் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அடியில் உள்ள சுவிட்ச் அணைந்திருக்கலாம். ரிசீவர் மட்டும் துளையில் இருந்துகொண்டு “மவுஸ் ஆஜர்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பும் அதை நம்பி டச்பேடை அணைத்தே வைத்திருக்கும். ரிசீவர் சின்னதாக இருப்பதால் யாரும் அதைப் பிடுங்குவதில்லை, அது அங்கே இருப்பதே மறந்துபோகிறது. பயணத்தில் லேப்டாப்பைத் திறந்தவர் “டச்பேட் போச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வயர்லெஸ் கீபோர்டை மட்டும் வாங்கியவருக்கும் டச்பேட் செத்துப்போகும். பல ரிசீவர்கள் கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. எது ஜோடி சேர்ந்திருந்தாலும் இரண்டு பெயரையும் சொல்லித்தான் உள்ளே நுழைகின்றன. புளூடூத் மவுஸ் கொஞ்சம் நாணயம். தொடர்பு அறுந்தால் அறுந்ததுதான். ஆனால் அதுவும் பைக்குள் ஆன் ஆகவே கிடந்தால், இணைந்துகொண்டு இதே குழப்பத்தைச் செய்யும்.

ஆகவே டச்பேட் அசையவில்லையென்றால் முதல் வேலை, யூஎஸ்பி துளைகளை ஒரு முறை பார்த்து ரிசீவரை உருவுவது. அடுத்தது, மேல் வரிசை எஃப் கீகளில் டச்பேட் படம் போட்ட கீ இருக்கிறதா என்று பார்ப்பது. எஃப்என் கீயோடு கை தவறி அதை அழுத்தியிருக்கலாம். ஹெச்பியின் சில பழைய மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையை இரண்டு முறை தட்டினாலே அணைந்து, அங்கே ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரியும். எதுவும் இல்லையென்றால் விண்டோஸ் கீயை அழுத்தி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று டைப் செய்து, என்டர் தட்டி, டேப் கீயால் நகர்ந்து, ஸ்பேஸ் பாரால் சுவிட்சைப் போடலாம். மவுஸே தேவையில்லை.

“டச்பேடை அணைத்தால் சார்ஜ் நிற்கும்”

டச்பேட் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் திரையின் வெளிச்சத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. சொல்லப்போனால், அதற்குப் பதிலாக நீங்கள் செருகும் வயர் மவுஸும் லேப்டாப்பிடமிருந்துதான் குடிக்கிறது. அதன் அடிப்பக்க லேபிளில் பெரும்பாலும் 5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று உச்ச அளவு அச்சிட்டிருப்பார்கள்.

“பயாஸில் அணைப்பதே நிரந்தரத் தீர்வு”

நிரந்தரம்தான், அதுதான் சிக்கலும். பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ அணைத்தால் மவுஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டச்பேட் கிடையாது. மவுஸ் பழுதான அன்று லேப்டாப்போடு கீபோர்டில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். டச்பேட் உண்மையிலேயே உடைந்து தானாகக் கிளிக் செய்துகொண்டிருந்தால் ஒழிய இந்த வழி வேண்டாம்.

“கர்சர் தாவுகிறதா? மவுஸ்தான் மருந்து”

தாவல் ஏன் வருகிறது என்று பார்க்காமல் மருந்து சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1991-ல் வந்த ஆப்பிளின் பவர்புக் வரிசைதான் கீபோர்டைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் உள்ளங்கை வைக்க இடம் விட்டு, நடுவில் டிராக்பால் வைத்தது. 1994-ல் பவர்புக் 500 அந்த உருண்டையை எடுத்துவிட்டு டச்பேடைப் பதித்தது. மற்றவர்களும் அந்த அமைப்புக்கே வந்து சேர்ந்தார்கள். உருண்டையின் மேல் கை லேசாகப் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. டச்பேடோ தோல் பட்டதும் மின்தேக்கத்தில் வரும் சிறு மாற்றத்தை வைத்தே இயங்குவது. ஸ்பேஸ் பாரை அழுத்தும்போது கட்டைவிரலின் அடிச்சதை டச்பேடின் மேல் விளிம்பை உரசுவதைக் கவனித்துப் பாருங்கள். அந்த உரசலை அது ‘தட்டல்’ என்று எடுத்துக்கொண்டு கிளிக் செய்துவிடுகிறது.

எனவே முதலில் ஒற்றை விரல் தட்டினால் கிளிக் ஆகும் வசதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். டச்பேட் இருக்கும், அழுத்தினால்தான் கிளிக் ஆகும். பாதித் தொல்லை அங்கேயே தீரும். விண்டோஸில் அதே பக்கத்தில் டச்பேட் சென்சிட்டிவிட்டி என்று நான்கு படிகள் உண்டு. அதைக் குறைத்தால், டைப் அடிக்கும்போது படும் தொடுதல்களை இன்னும் கறாராக ஒதுக்கும். லினக்ஸில் டைப் அடிக்கும்போது டச்பேடை அடக்கி வைக்கும் வேலையை லிப்இன்புட் இயல்பாகவே செய்கிறது. மடியில் வைத்து மவுஸ் இல்லாமல் எழுதுகிறவருக்கு இவைதான் உதவும். மவுஸ் தந்திரம் அவருக்கு எதற்கு?

சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் கர்சர் நடுங்கினால் கையைக் குறை சொல்லாதீர்கள். எர்த் சரியில்லாத பிளக் பாயின்டில், அல்லது மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் அடாப்டரில் மாட்டும்போது, லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் விரலில் சுருசுருவென்று ஏறும். அந்த மின்கசிவு டச்பேடின் கணக்கையும் கலைக்கும். சார்ஜரை உருவியதும் நடுக்கம் நின்றால், கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை.

மூன்றாவது காரணத்தில் அலட்சியம் கூடாது. பல லேப்டாப்களில் பேட்டரி இருப்பது டச்பேடுக்கு நேர் கீழே. பழைய லித்தியம் பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பும்போது டச்பேடை மேலே தள்ளும். கிளிக் இறுகிப்போகும், அல்லது தொடாமலே கிளிக் ஆகும். மூடி சரியாகப் பொருந்தாது. சமமான மேசையிலும் லேப்டாப் ஆடும். இந்த நிலையில் டச்பேடை அணைத்துவிட்டு மவுஸோடு வேலையைத் தொடர்ந்தால், அறிகுறியை மறைத்துவிட்டு ஆபத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். லேப்டாப்பை அணையுங்கள், சார்ஜரை எடுங்கள், மேடான இடத்தை அழுத்திப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், பேட்டரியை மாற்றும்வரை திரும்பப் போடாதீர்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்குகிறவர்களிடமோ சர்வீஸ் சென்டரிலோ ஒப்படைத்துவிடுங்கள்.