தூண்டிற்கோல் தேர்வு: தோட்டத்து மூங்கிலும் மலைநாட்டு டிரவுட் மீனும்

"தூண்டிற்காரனுக்கு மிதப்பின் மேல் கண்" என்பது நம் முன்னோர் வாக்கு. மீன் பிடிக்கப் போனவனின் கவனம் முழுவதும் நீரில் மிதக்கும் தக்கையின் மேல்தான் இருக்கும் என்பது அதன் பொருள். கண் மிதப்பில் இருக்கட்டும். கை எதைப் பிடித்திருக்கிறது? இக்கட்டுரை அந்தக் கையிலுள்ள கோலைப் பற்றியது. குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனை மரபான மூழ்குபூச்சி முறையில் பிடிக்க எத்தகைய கோல் வேண்டும், அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்குவதே இதன் நோக்கம். நெகிரி செம்பிலானில் டிரவுட் இல்லை. ஆயினும் நம் தோட்டங்களில் மூங்கில் வெட்டித் தூண்டில் செய்தவர்களின் அறிவு இந்தத் தேர்வுக்கு நேரடியாக உதவுகிறது என்பதே நான் சொல்ல வரும் கருத்து.

டிரவுட் மீனும் தமிழர் வாழும் மலைகளும்

டிரவுட் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தோன்றிய மீன். ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் குறைவான, உயிர்வளி நிறைந்த ஓடும் நீரே அதற்கு ஏற்றது. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். ஆகவே ஆண்டு முழுவதும் வெப்பம் மிகுந்த நம் தாழ்நில ஆறுகளில் அது பிழைக்காது.

இம்மீனுக்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நீலகிரியில் இதை வளர்க்க 1863இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால் ரெயின்போ டிரவுட் அங்கு நிலைபெற்றது. உதகைக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் அமைந்த மீன்குஞ்சுப் பொரிப்பகம் அதற்குத் துணை நின்றது. இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய இடங்களிலும், கேரளத்தின் மூணாறு மலைகளிலும் டிரவுட் விடப்பட்டது. இவை யாவும் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைகள். நம் மக்கள் ரப்பர் காட்டுக்கு வந்ததைப் போலவே அங்குத் தேயிலைக் காட்டுக்குச் சென்றனர். கோலும் மீனும் துரைமாருக்குப் பொழுதுபோக்காக இருந்தன. அந்த ஓடைக்கரைகளில் நம்மவர் உழைத்தனர்.

மூழ்குபூச்சி முறை என்றால் என்ன?

ஆங்கிலேயர் 'வெட் ஃபிளை' என்று அழைக்கும் முறையைத்தான் மூழ்குபூச்சி முறை என்று குறிக்கிறேன். இதில் மண்புழு இல்லை, தக்கையும் இல்லை. பறவை இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்வர். அந்தப் போலிப் பூச்சி நீருக்குள் மூழ்கி, நீரோட்டத்தோடு மிதந்து செல்லும். ஒரே நரம்பில் இரண்டு அல்லது மூன்று பூச்சிகளைக் கட்டுவது மரபு. பெரும்பாலும் ஆற்றின் குறுக்காகவும் கீழ்நோக்கியும் வீசி, நீரோட்டமே பூச்சிகளை இழுத்துச் செல்ல விடுவர். மீன் கவ்வும்போது நரம்பு ஏற்கெனவே விறைப்பாக இருக்கும் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

கோலின் மூன்று குணங்கள்

முதலாவது, நீளம். அகன்ற ஆற்றுக்கு 10 முதல் 11 அடிக் கோல் நல்லது. நீண்ட கோல் நரம்பை நீரோட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க உதவும். பூச்சி இயல்பாக நகரும். பிடிப்பவர் மீனை விட்டுத் தள்ளி நிற்கவும் முடியும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தூண்டில் இரையைக் கவ்வித் தப்பிய வாளை மீன், பின்னர் நீரோரப் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டும் அஞ்சுவதாக ஒரு காட்சி வருகிறது. கோலின் நிழல் மீனை விரட்டும் என்பதை நம் புலவர் அன்றே அறிந்திருந்தார். இரு கரையும் புதர் மண்டிய சிற்றோடையிலோ நீண்ட கோலை வீச இடமிருக்காது. அங்கு 7 அல்லது 8 அடியே போதும்.

இரண்டாவது, வளைவு. சில கோல்கள் நுனியில் மட்டும் வளையும். இவற்றை வேகக் கோல் என்பர். வேறு சில நடுப்பகுதி வரை வளையும். இன்னும் சில பிடி வரைக்கும் வளையும், இவை மென்கோல்கள். மூழ்குபூச்சி முறைக்கு நடுவளைவுக் கோலோ மென்கோலோதான் ஏற்றது. காரணம் இரண்டு. விறைத்த நரம்பில் மீன் திடீரெனக் கவ்வும்போது கோல் வளைந்து கொடுத்தால்தான் மெல்லிய நரம்பு அறாது. முள்ளும் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. அடுத்து, மென்கோல் நிதானமாக அசைவதால் வீசும்போது நரம்பு அகன்ற வளையமாகச் செல்லும். மூன்று பூச்சிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளா.

மூன்றாவது, நூலின் எடை. போலிப் பூச்சிக்கு எடை மிகக் குறைவு. ஆகவே தடித்த வீச்சுநூலின் எடைதான் கோலை வளைத்து, பூச்சியைத் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. இந்நூல்களுக்கு எண் உண்டு. 4ஆம் எண் நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 7.8 கிராம், 5ஆம் எண் நூலுக்கு அது 9.1 கிராம். கோலின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் நூலின் எண்ணும் பொருந்த வேண்டும். டிரவுட் மீனுக்கு 4 அல்லது 5 என்பது பொதுவாகப் போதுமானது.

தோட்டத்து மூங்கில் சொல்லும் பாடம்

நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். நெம்புகோலை 'துவாஸ்' என்று மலாயில் படித்துத் தேர்வெழுதினேன். ஆனால் நீண்ட கோலின் நுனியில் தொங்கும் சிறு மீன் ஏன் கைக்குக் கனக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டியவர், பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் தாத்தாதான்.

அவர் எடுத்தவுடன் மூங்கிலை வெட்டமாட்டார். என்ன மீன், எந்த நீர் என்று முதலில் முடிவு செய்வார். விராலுக்கு என்றால் கட்டையான, விறைப்பான கழி. விரால் புல்லுக்குள்ளும் வேருக்குள்ளும் ஓடி ஒளியும் மீன். கவ்விய நொடியில் தூக்கி வெளியே போட வேண்டும். லம்பாம், செப்பாட் போன்ற மென்வாய் மீன்களுக்கு என்றால் நுனி மெலிந்த, கையசைத்தால் துடிக்கும் கழி. தோட்டத்தார் அல்லூர் என்று சொல்லும் சிற்றோடைக்குக் குட்டைக் கழி. அகன்ற குட்டைக்கு 12 அடி. ஒருநாள் அந்த மெல்லிய கழியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன் தாத்தா, இது இப்படி ஆடுதே, ஒடிஞ்சிடாதா?"

"வளையற கோலு ஒடியாதும்மா. கோலு வளைஞ்சா நரம்பு தப்பிக்கும். கோலு வளையலன்னா நரம்புதான் அறுந்துபோவும்."

டிரவுட் பிடிப்போர் மென்கோலுக்குக் கூறும் காரணமும் இதுவே. நூல் படிக்காமல், துரையின் கோலைத் தொடாமல், மூங்கிலையும் மீனையும் பார்த்து அவர் கண்ட விதி இது.

மூங்கில் வெட்டுவதிலும் கணக்கு உண்டு. இளங்கழி காய்ந்தால் சுருங்கும். முற்றிய கழியே வேண்டும். வெட்டியதை நெருப்பில் சூடு காட்டி நிமிர்த்தி, நுனியில் கல் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார். அடுப்புப் புகை படும் இடமானால் உளுக்காது என்பார். கழியின் மேல்தோலை மட்டும் சீவவே விடமாட்டார். மூங்கிலின் வலுவான நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருக்கமாக உள்ளன என்பது அறிவியல் உண்மை. மேலைநாட்டார் 19ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து, உட்புறத்தைச் சீவி, மேல்தோல் வெளியே தெரிய ஆறு முக்கோணப் பட்டைகளை ஒட்டிக் கோல் செய்தனர். அதற்குப் பெயர் பெற்ற டோங்கின் மூங்கில் சீனாவின் குவாங்டோங் பகுதியில் விளைவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோல்களும், 1970களில் கரிம இழைக் கோல்களும் வந்தன. பொருள் மாறினாலும் வளைவின் விதி மாறவில்லை.

கடையில் சோதிக்கும் முறை

1. எந்த மீன், எந்த நீர், எந்த நரம்பு என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கடைக்குச் செல்லுங்கள். கோல் நான்காவது கேள்வி.

2. கோலின் எண்ணைப் பாருங்கள். உங்கள் நூலின் எண்ணோடு பொருந்துகிறதா என்று கவனியுங்கள்.

3. சுருளியைப் பொருத்திப் பிடித்துப் பாருங்கள். 10 அடிக் கோல் முன்பக்கம் கனத்தால் சிறிது நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

4. நுனியில் நரம்பைக் கட்டி, நண்பர் ஒருவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். வளைவு நுனியோடு நின்றுவிட்டால் அது வேகக் கோல். நடுப்பகுதி வரை சீராக இறங்கினால் மூழ்குபூச்சிக்கு ஏற்றது.

5. விலையைக் கடைசியாகப் பாருங்கள். விலை உயர்ந்த கோல்கள் பல, தொலைவுக்கு வீசுவதற்கான வேகக் கோல்களே. அவை நல்ல கோல்களாக இருக்கலாம். இந்த முறைக்கு ஏற்ற கோல்கள் அல்ல.

நம் நாட்டில் செபாராவ் பிடிக்க விரும்புவோருக்கும் இதே வரிசை பொருந்தும். விடைகள் மட்டும் மாறும். செபாராவ் வலுவாக இழுத்து மரவேருக்குள் ஓடும் மீன் என்பதால் இன்னும் சற்று விறைப்பான கோல் வேண்டும்.

முடிவுரை

நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் பல தோட்டங்கள் 1990களில் வீடமைப்புப் பகுதிகளாயின. மூங்கில் புதர்களும் அல்லூர்களும் அவற்றோடு போயின. முற்றல், சூடு காட்டுதல், துடிப்பு என்று தாத்தா சொன்ன சொற்கள் எந்தப் பாடநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. கலைச்சொல் வேண்டும் என்று அகராதியைப் புரட்டும் நாம், அச்சொற்கள் நம் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருப்பதை மறந்துவிடுகிறோம். தூண்டில் மட்டுமன்று, பால்வெட்டும் கத்தியைத் தீட்டுவது, பாய் பின்னுவது, மருந்துச் செடி பறிப்பது என ஒவ்வொன்றிலும் இத்தகைய காரணமும் சொல்லும் அடங்கியுள்ளன. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் மாணவ நண்பர்களே, ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்காமல், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் கேளுங்கள். அந்த விடைகளைத் தமிழிலேயே எழுதி வையுங்கள்.