நாலு வயதுக்கு எந்தப் பழைய காலம்?

சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய காலத்தைக் காட்ட ஒரு நாளை ஒதுக்கும் சென்னைப் பெற்றோருக்கு மூன்று இடங்கள் தோன்றும்: எழும்பூர் அருங்காட்சியகம், மாமல்லபுரம், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. பழமையைத் தராசாக வைத்தால் எழும்பூரில் இருக்கும் அமராவதிச் சிற்பங்கள்தான் முதலிடம் பெறும். அடுத்து பல்லவர் காலத்து மாமல்லபுரம். தட்சிணசித்ராவின் வீடுகளில் பெரும்பாலானவை நம் கொள்ளுத்தாத்தாக்கள் வாழ்ந்திருக்கக்கூடியவை. அதனால் அது கடைசிதான். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்த வரிசை உதவாது, கடைசியில் நிற்பதை முதலில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நாலு வயதுக் குழந்தைக்கு ஆயிரம் வருஷமும் ஒன்றுதான், தாத்தா பிறந்த வருஷமும் ஒன்றுதான். இரண்டும் ‘ரொம்ப முன்னாடி’. அதற்கு நன்றாகத் தெரிந்த உலகம் வீடு: கதவு, அடுப்பு, படுக்கை, தண்ணீர். அந்த வீடு வேறு மாதிரி இருந்தது என்பதுதான் அதற்குப் புரியக்கூடிய முதல் வரலாறு.

எழும்பூரை நான் மட்டம் தட்டவில்லை. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் செப்புத் திருமேனிகள் கண்ணாடிக்குப் பின்னால், பெரியவர்களின் கண்மட்டத்தில் நிற்கின்றன. பிள்ளை கையை நீட்டினால் ‘தொடாதே’, ஓடினால் ‘ஓடாதே’. அங்கே சிறுவர்களை நிஜமாகக் கட்டிப்போடுவது திமிங்கில எலும்புக்கூடும் பாடம் செய்த மிருகங்களும்தான். (பழைய மெட்ராஸ்காரர்கள் அதற்கு ‘செத்த காலேஜ்’ என்று பெயர் வைத்ததும் அவற்றைப் பார்த்துத்தான்.) உயிரியல் காட்டப் போகிறீர்கள் என்றால் எழும்பூர் நல்ல தேர்வு. வரலாறு காட்ட என்றால் பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது ஆகட்டும்.

தட்சிணசித்ராவை மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், 10 ஏக்கரில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை பட்ட வளாகம். தென்மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே நுழையலாம், திண்ணையில் உட்காரலாம், முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வீட்டுக்குள்ளேயே வானம் தெரியும். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு ‘மழை பெய்தா வீட்டுக்குள்ள வருமா?’ என்ற கேள்வி தானாக வரும். யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடலோர ஆந்திரத்து மண் வீடு வட்டமாக இருக்கும். மூலையே இல்லாத வீட்டைப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வரும். புயல் காற்று முட்டி நிற்காமல் வழுக்கிப் போகத்தான் இந்த வட்டம் என்றால் ஆறு வயதுக்கு விளங்கும். அங்கே குழித்தறி ஓடும் நாளாக அமைந்தால் மற்றதை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள். நெசவாளி கால்களைக் குழிக்குள் இறக்கித் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பதால், அவர் கையும் நாடா ஓடுவதும் நாலு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக இருக்கும். அந்தக் குழந்தை அண்ணாந்து பார்க்காமல் ஒரு பெரியவரின் வேலையைப் பார்ப்பது அபூர்வம். மேலைநாட்டு வரலாற்றுப் பூங்காக்களில் பழைய உடை போட்டுக்கொண்டு அந்தக் காலத்து ஆள் போல நடிப்பார்கள். இங்கே சக்கரம் சுற்றும் குயவர் நடிக்கவில்லை; அது அவர் தொழில். பிள்ளை பிசைந்து கோணலாக்கிய சட்டியை அவர் இரண்டு விரலால் நிமிர்த்திக் கொடுப்பதும் அந்தத் தொழில்தான்.

மாமல்லபுரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐந்து ரதங்களைக் கட்டடக் கலையாகச் சொன்னால் பிள்ளை கொட்டாவி விடும். ஆனால் அங்கே நிற்கும் கல் யானை பெரும்பாலும் நிஜ யானை அளவு. அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, எலிகள் அதன் காலடியில் நிற்கின்றன. அந்தப் பூனையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஆறு வயதுக்கு அரை மணி நேரம் போவது தெரியாது. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு கன்றை நக்குகிறது. இப்படி விலங்கு விலங்காகப் பார்த்தால் மாமல்லபுரம் பிள்ளைகளுக்கும் உரியதுதான். வெயில்தான் எதிரி, கல் சுடுவதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

தட்சிணசித்ராவின் மேல் சொல்லப்படும் குறைகளில் முதலாவது, அது செட்டு, பெயர்த்து நட்ட ஊர் என்பது. உண்மைதான். ஆனால் இவ்வகை அருங்காட்சியகங்களுக்கு முன்னோடியான ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென், 1891-இல் திறந்தபோதே பெயர்த்து வந்த வீடுகளால் ஆனதுதான். பெயர்க்காமல் விட்டிருந்தால் இந்த வீடுகள் செங்கல்லாகவும் ஜன்னல் சட்டமாகவும் விலைபோயிருக்கும். இரண்டாவது குறை கனமானது: பழைய வாழ்க்கையை இது அழகாக்கிக் காட்டுகிறது, திண்ணையோடு யார் நிறுத்தப்பட்டார்கள், கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதைச் சுவர்கள் சொல்வதில்லை. இதை நான் மறுக்க மாட்டேன். அந்த வேலை கூடப் போகும் பெரியவருடையது. அக்கிரகார வீட்டு வாசலில் நின்று, ‘இதுக்குள்ள எல்லாரையும் விட்டிருப்பாங்களா?’ என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஏன் விட மாட்டாங்க?’ என்று திருப்பிக் கேட்கும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தயாராக இல்லாதவர் அந்த வீட்டைப் பாராட்டவும் அவசரப்பட வேண்டாம். மூன்றாவது குறை செலவு. மாமல்லபுரத்தில் 15 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. முட்டுக்காட்டில் நுழைவுக்கும் கட்டணம், பல கைவேலைகளுக்குத் தனியாகவும் கட்டணம். எல்லாவற்றையும் செய்ய விடாமல் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தால் பணமும் மிஞ்சும், பிள்ளையும் அதில் ஊன்றும். அம்மியும் உரலும் இன்னும் புழங்கும் சொந்தக்காரர் வீடு கிராமத்தில் இருந்தால், இந்தச் செலவே வேண்டாம், அங்கே போங்கள்.

மதுரைப் பக்கத்துக்காரர்கள் சென்னை வரை வர வேண்டியதில்லை. 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் பானை ஓடு சிறு பிள்ளைக்கு ஓட்டாஞ்சில்லு, அவ்வளவுதான். கீழடிக்குப் போகும் ராமேஸ்வரம் சாலையிலேயே இன்னும் தள்ளி மானாமதுரை இருக்கிறது. கடம் செய்யும் ஊர். முதலில் அங்கே போய் ஈர மண் பானையாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கீழடிக்குள் நுழைந்தால், கண்ணாடிக்குள் இருக்கும் ஓட்டின் விளிம்பு எந்த விரல் அழுத்தி வந்தது என்று பிள்ளையே சொல்லும். வரிசையை மாற்றினால் இது நடக்காது.

முட்டுக்காடு என்று முடிவு செய்தவர்கள் செவ்வாய்க்கிழமை போக வேண்டாம், அன்று விடுமுறை, எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை. பதினெட்டு வீட்டையும் முடித்தே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். மூன்று வீடு, ஒரு கைவேலை, ஒரு சாப்பாடு போதும். அதே நாளில் முதலைப் பண்ணையையும் மாமல்லபுரத்தையும் சேர்த்துப் போட்டால் மூன்றும் காரில் தூங்கிய நினைவாகத்தான் நிற்கும். வீட்டில் நாலும் பத்துமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால், சின்னதின் கணக்கிலேயே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து வயதுக்கு வீட்டுப் படம் வரையவும் தூண்களை எண்ணவும் முட்டுக்காட்டில் வேலை இருக்கிறது. நாலு வயதுக்கு எழும்பூரில் செய்ய எதுவும் இல்லை.